சின்ன பிராண்டுக்கு ப்ளெயின் டி-ஷர்ட்: காதர்பேட்டையா, ரெடி ஸ்டாக்கா, சொந்தமா தைக்கிறதா?

போன மாசம் ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தான். "அண்ணா, டிசைன் பத்து ரெடி, கையில நாப்பதாயிரம் இருக்கு, நல்ல ப்ளெயின் டி-ஷர்ட் எடுக்கணும், திருப்பூர்ல யாராச்சும் நம்பர் இருந்தா குடுங்க"ன்னு. நம்பர் குடுத்துடலாம், ஆனா போன் பண்ணி "நல்ல குவாலிட்டி இருக்கா"ன்னு கேட்டா "இருக்குங்க"ன்னுதான் சொல்லுவாங்க, இல்லைன்னு எவன் சொல்லப்போறான். அதனால அவனுக்கு அனுப்புன வாய்ஸ் நோட்ட எல்லாம் சேர்த்து இங்க எழுதிடறேன், வேற யாருக்காச்சும் உதவும்.

நானும் என் மச்சானும் மூணு வருஷமா திருச்சில இருந்து ஒரு குட்டி பிராண்ட் ஓட்டறோம். தமிழ் எழுத்து டிசைன் மட்டும்தான், மாசம் ஒரு நூத்தம்பது பீஸ் போகும், தீபாவளி பொங்கல்னா கொஞ்சம் கூட. இதுக்குள்ள நாலு வழியிலயும் டி-ஷர்ட் எடுத்துப் பாத்தாச்சு, நாலுலயும் அடியும் வாங்கியாச்சு.

முதல்ல போனது காதர்பேட்டை. திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன்ல இறங்குனா பக்கத்துலயே, தெரு முழுக்க பனியன் கடைங்க, வாசல்லயே குவிச்சு வச்சிருப்பாங்க, மொத தடவ போறவனுக்கு தலை சுத்தும். எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரங்க ஆர்டர விட கொஞ்சம் கூடவே வெட்டுவாங்க, தைக்கும்போது கொஞ்சம் டேமேஜ் ஆகும்னு கணக்கு, அதுல மிஞ்சுறது, கேன்சல் ஆன ஆர்டர், செக்கிங்ல தள்ளுனது எல்லாம் லாட்டு லாட்டா இங்க வந்துரும். வெளிநாட்டுக்காரனுக்குன்னு செஞ்ச துணிங்கறதால சில லாட்டு அசத்தும். எங்களுக்கு அப்படித்தான் ஒரு கருப்பு லாட்டு கெடச்சுது, 85 ரூபா, 120 பீஸ், கழுத்து ரிப் (கழுத்தச் சுத்தி வர்ற பட்டி) எல்லாம் கல்லு மாதிரி நின்னுச்சு, மூணே வாரத்துல வித்துப்போச்சு. நாங்க ரெண்டு பேரும் பெரிய பிசினஸ்மேன் ஆயிட்டோம்னு அன்னைக்கு பிரியாணி எல்லாம் சாப்டோம்.

மறுபடி அதே கடைக்குப் போனா அந்த பெரியவர் சிரிக்கறார். "ஏன் கண்ணு, அது லாட்டுங்க, போனாப் போச்சு, அதே பீசு வேணும்னா நா எங்கீங்க போறது"ன்னு கேட்டார். நியாயம்தான். வேற கருப்பு லாட்டு ஒன்னு எடுத்துட்டு வந்தோம், கடை லைட்ல ரெண்டும் ஒரே கருப்பாதான் தெரிஞ்சுது, வீட்ல வெயில்ல பழசோட சேத்து வச்சுப் பாத்தா புதுசுல பச்சை அடிக்குது, நீளமும் ஒரு இன்ச் கூட. மொத தடவ எல் சைஸ் வாங்கி பிடிச்சுப்போயி தன் தம்பிக்கும் அதே எல் வாங்குன ஒருத்தர் ரெண்டையும் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து அனுப்புனார், கீழ ஒரு வார்த்தை கூட எழுதல, அது திட்டுனத விட மோசமா இருந்துச்சு.

அன்னைக்குப் புரிஞ்சதத்தான் நான் எல்லாருக்கும் சொல்றது: டி-ஷர்ட் நல்லா இருக்கான்னு பாக்கறதுக்கு முன்னாடி, மூணு மாசம் கழிச்சு இதே பீஸ் இதே கலர்ல இதே அளவுல திரும்பக் கெடைக்குமான்னு கேளுங்க. இந்த ஒரு கேள்விய வச்சே நாலு வழியையும் எடை போட்ரலாம். காதர்பேட்டை சர்ப்ளஸ், அதாவது இந்த மிஞ்சுன லாட்டு, இதுல மொத ரவுண்ட்லயே அவுட். காலேஜ் கல்ச்சுரல்ஸ், கோயில் திருவிழா குரூப், ஒரே ஒரு தடவ அடிச்சு முடிக்கற ஆர்டர்னா தாராளமா எடுங்க, அந்த விலைக்கு அந்தத் துணி வேற எங்கயும் வராது. பிராண்டுக்கு வேண்டாம். இன்னொன்னு, சில லாட்டுல வேற கம்பெனி லேபிள் அப்படியே இருக்கும், அத வெட்டிட்டு நம்ம லேபிள தைக்கிறவங்க இருக்காங்க, எனக்கு அது மனசுக்கு ஒப்பல. பில்லும் நிறைய இடத்துல துண்டுச் சீட்டுதான், ஜிஎஸ்டி நம்பர் வச்சு ஆன்லைன்ல விக்கறவங்களுக்கு அது தலைவலி.

ரெண்டாவது வழி ரெடி ஸ்டாக். திருப்பூர்லயே ப்ளெயின் டி-ஷர்ட் மட்டும் தொடர்ந்து தைச்சு, எஸ்ஸுல இருந்து டபுள் எக்ஸ்எல் வரைக்கும் பத்து இருபது கலர்ல ஸ்டாக் வச்சு விக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க, பத்து பீஸ் கேட்டாலும் குடுக்கறவங்க உண்டு. எல்லார் போஸ்டர்லயும் ஒரே வாசகம்தான், 180 ஜிஎஸ்எம், பயோவாஷ், நூறு சதவீதம் காட்டன். நாங்க எடுக்கறது 150, 160 ரூபாக்கு வருது, நூல் விலையப் பொறுத்து ஏறும் இறங்கும். வரிய மேல சேத்துக்கோங்க, 2025 செப்டம்பர் 22-ல இருந்து பீஸ் விலை 2500 ரூபா வரைக்கும் 5 சதவீதம்தான், முன்ன ஆயிரத்த தாண்டுனா 12 இருந்துச்சு.

இங்க சிக்கல் என்னன்னா அந்த போஸ்டர் வாசகத்த நம்பறதுதான். ஜிஎஸ்எம்ங்கறது ஒரு சதுர மீட்டர் துணியோட எடை, அவ்ளோதான், அது குவாலிட்டி இல்ல. மட்டமான நூல்லயும் 220 ஜிஎஸ்எம் ஓட்டலாம், போட்டா கோணி மாதிரி இருக்கும். நூல்தான் முக்கியம். கோம்டு நூல்னா பஞ்ச சீவி குட்டை இழைய எல்லாம் வெளிய எடுத்துட்டு நூக்கறது, அதனால வழவழன்னு இருக்கும், கார்டடுல அந்த வேலை இல்ல, குட்டை இழை துணி மேல துருத்திட்டு நிக்கும், நாலு துவைப்புல உருண்டை உருண்டையா வந்துரும். நடுவுல செமி கோம்டுன்னு ஒன்னு சொல்லுவாங்க, அதுக்கு ஆளாளுக்கு ஒரு அர்த்தம். நம்பர் கேட்டுக்கோங்க, 30-ம் நம்பர் நூல்னா மெல்லிசு, 24, 20-ன்னு நம்பர் குறையக் குறைய நூல் தடிமன் கூடும், 180-க்கு மேல கனமான துணி வேணும்னா தடி நூலுக்குதான் போவாங்க.

பயோவாஷ்ங்கறது என்சைம் போட்டு துணி மேல நீட்டிட்டு இருக்கற இழைய அரிச்சு எடுக்கறது. நல்ல விஷயம்தான். ஆனா பயோவாஷே பண்ணாம வெறும் சிலிக்கான் சாஃப்ட்னர் ஏத்தி வெண்ணெய் மாதிரி ஆக்கி குடுக்கறவங்களும் இருக்காங்க, கடையில தொட்டா ஆஹான்னு இருக்கும், துவைக்கத் துவைக்க அந்த வெண்ணெய் எல்லாம் கரைஞ்சு போயிரும், உள்ள இருக்கற நிஜத் துணி அப்பதான் தெரியும். அந்த சாஃப்ட்னர் ஜாஸ்தி ஆனா பிரின்ட்டும் சரியா ஒட்டாது. எங்களுக்கு ஒரு சப்ளையர் (பேர் வேண்டாம்) அனுப்புன சாம்பிள் அருமை, அட்வான்ஸ் போட்டதுக்கப்புறம் வந்த லாட்டு வேற. அதுல இருந்து சாம்பிள்ல ஒரு பீஸ தேதி எழுதி எடுத்து வச்சுட்டு, லாட்டு வந்ததும் பக்கத்துல வச்சுப் பாக்காம மிச்சப் பணம் போடறதில்ல.

செக் பண்றதுக்கு லேப் எல்லாம் வேண்டாம், வீட்லயே முடியும். துணிய 10-க்கு 10 சென்டிமீட்டர் சதுரமா துல்லியமா வெட்டி, நகை எடை போடற குட்டி டிஜிட்டல் தராசுல வைங்க, 1.80 கிராம் வந்தா 180 ஜிஎஸ்எம். நாங்க வாங்குன ஒரு "180" 1.63 காட்டுச்சு, போன் பண்ணி சொன்னா "தம்பி அது வாஷ்ல கொஞ்சம் குறையுமுங்க"ன்னாங்க. கொஞ்சம் குறையும்ங்கறது உண்மை, பயோவாஷ்ல எடை கொறையத்தான் செய்யும், ஆனா நாம காசு குடுக்கறது வாஷ் ஆன பீசுக்குதானே. காட்டனான்னு பாக்க ஓரத்துல நாலு நூல உருவி பத்த வைங்க, காட்டன்னா பேப்பர் மாதிரி எரிஞ்சு சாம்பலா உதிரும், பாலியஸ்டர் கலந்திருந்தா உருகி கெட்டியா ஒரு மணி நிக்கும். கிரே மெலாஞ்ச் (புள்ளி புள்ளியா கலந்த சாம்பல்) கலர்ல மட்டும் ஏமாந்துட்டோம்னு நினைக்காதீங்க, அதுல பல நேரம் பாலியஸ்டரோ விஸ்கோஸோ கலந்துதான் வரும், அதோட தன்மையே அப்படி.

அப்புறம் துவைக்கணும். இத ஸ்கிப் பண்ணிட்டு அப்புறம் அழறவங்கதான் ஜாஸ்தி. நெஞ்சு அகலம், நீளம் ரெண்டையும் அளந்து எழுதி வச்சுட்டு மூணு தடவை மெஷின்ல போட்டு, காயவச்சு மறுபடி அளங்க. நீளத்துல ரெண்டு இன்ச் சுருங்குச்சுன்னா காம்பாக்டிங் சரியா நடக்கலைன்னு அர்த்தம், அதாவது துணிய தைக்கறதுக்கு முன்னாடியே சுருங்க வைக்கற வேலை, அத அரைகுறையா விட்டா துணி நீளமா இருக்கும், அவங்களுக்கு லாபம், சுருங்கறது கஸ்டமர் வீட்ல. சைடு தையல் நேரா கீழ இறங்குதா, இல்ல முறுக்கிட்டு தொப்புள் பக்கம் வருதான்னும் பாருங்க, சிங்கிள் ஜெர்சி (சாதா டி-ஷர்ட் பின்னல்) துணிக்கே உள்ள வியாதி அது, நூல்ல இருக்கற முறுக்கு துவைச்சதும் வேலைய காட்டும். லேசா திரும்புனா பரவால்ல, நெஞ்சுல இருக்கற டிசைனே சாஞ்சு நின்னா அந்த சப்ளையர் வேண்டாம். கழுத்து ரிப்ல லைக்ரா (இழுபடற நூல்) இருக்கான்னு இழுத்து விட்டுப் பாருங்க, பழைய நிலைக்குத் திரும்பணும். தோள்ல இருந்து தோள் வரைக்கும் கழுத்துக்குப் பின்னாடி டேப் வச்சு தைச்சிருக்கணும், கீழ் மடிப்பு பிளாட்லாக்ல ரெட்டைத் தையல் இருக்கணும். ஊசி சரியில்லாம தைச்சிருந்தா தையல் ஓரத்துல பொடி ஓட்டை விழும், புதுசுல தெரியாது, துவைச்சதும் தெரியும். கருப்பு, சிவப்பு, நேவிய ஒரு வெள்ளை கர்ச்சீஃபோட சேத்து ஊற வைங்க, மிச்சத்த கர்ச்சீஃப் சொல்லிரும்.

இவ்ளோலயும் பாஸ் ஆன ரெடி ஸ்டாக் ஆளு ஒருத்தர் கெடச்சா விடாம புடிச்சுக்கோங்க. அதே பேட்டர்ன், அதே அளவு, மறுபடி கெடைக்கும். ஷேடு மட்டும் லாட்டுக்கு லாட்டு கொஞ்சம் மாறும், கருப்பு வெள்ளைல கண்ணுக்கு அவ்ளோவா தெரியாது, பாட்டில் கிரீன் மெரூன்ல தெரியும். வேணுங்கற சைஸ மட்டும் எடுக்கலாம்ங்கறதுதான் இதுல பெரிய சௌகரியம், அது எவ்ளோ பெருசுன்னு நாங்க சொந்தமா தைக்கப் போனப்பதான் தெரிஞ்சுது.

மூணாவது வழி அதான். ரெடி ஸ்டாக் பீஸ் எல்லார்கிட்டயும் ஒன்னாதான இருக்கு, நம்ம பிராண்டுக்குன்னு ஒரு ஃபிட் வேணும், கனமா ஓவர்சைஸ்டா 240 ஜிஎஸ்எம்ல பண்ணுவோம்னு மச்சானுக்கு ஆசை. எனக்கும் ஆசைதான், பழிய அவன் மேல போடறேன். திருப்பூர்ல இதெல்லாம் ஒரே கூரைக்கு அடியில நடக்கறது பெரிய கம்பெனில மட்டும்தான், நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ஒவ்வொன்னும் ஒரு இடம். நூல் வாங்கணும், நிட்டிங் ஒரு இடத்துல ஓடும், சாயப்பட்டறை இன்னொரு இடம், காம்பாக்டிங் வேற, அப்புறம் கட்டிங் மாஸ்டர், பவர் டேபிள்ல (மோட்டார்ல ஓடற தையல் மெஷின் வரிசை) தைக்கறவங்க, செக்கிங், அயனிங், பேக்கிங். எல்லாம் ஜாப் ஒர்க், அதாவது நம்ம துணிக்கு கூலி வேலை. துணி ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு டெம்போல சுத்திட்டே இருக்கும், ஒரு இடத்துல லேட் ஆனா பின்னாடி எல்லாம் லேட்.

சாயப்பட்டறைல குறைஞ்சது இவ்ளோ கிலோ வேணும்னு ஏன் கேக்கறாங்கன்னு எனக்கு மொதல்ல கோவம், நோகாம நோம்பு கும்பிட வந்தவன் நான்தான்னு அப்புறம் புரிஞ்சுது. சாயம் போடற மெஷினோட கொள்ளளவு ஒன்னு இருக்கு, அஞ்சு கிலோவுக்காக யாரும் அத ஓட்ட மாட்டாங்க. இன்னொன்னு தண்ணி. நொய்யல் ஆறு சாயக்கழிவால பாழாப்போனது எல்லாருக்கும் தெரியும், 2011 ஜனவரியில சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகள மூடச்சொன்னதுக்கப்புறம், கழிவுநீர் ஒரு சொட்டு கூட வெளிய விடாம சுத்திகரிச்சு திரும்ப எடுக்கணும்ங்கற கட்டாயத்தோடதான் தொழில் நடக்குது. அந்தச் செலவு சாயக் கூலியில ஏறத்தான் செய்யும், ஏறட்டும், ஆறு முக்கியம். எங்களுக்கு ஒரு கலருக்கு நூறு கிலோன்னு சொன்னாங்க.

நூறு கிலோன்னா எத்தனை பீஸ்? சாதா 180 ஜிஎஸ்எம் எம் சைஸ்னா கட்டிங் வேஸ்ட் எல்லாம் போக கிலோவுக்கு அஞ்சு பீஸ் கிட்ட வரும், ஆக ஐநூறு. எங்க 240 ஓவர்சைஸ்டுக்கு கிலோவுக்கு மூணுதான் வந்துச்சு, முந்நூறு பீஸ், ஒரே கலர். மாசம் எல்லா டிசைனும் சேத்து நூத்தம்பது விக்கறவன் ஒரே கலர்ல முந்நூறு பீஸ் வச்சுக்கிட்டு என்ன பண்றது? கட்டிங் மாஸ்டர் "ரேஷியோ என்ன போடட்டும் தம்பி"ன்னு கேட்டப்ப எஸ், எம், எல், எக்ஸ்எல் ஒன்னு ரெண்டு ரெண்டு ஒன்னுன்னு வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். அம்பது எஸ் பீஸ் வந்துச்சு. ஓவர்சைஸ்டு டி-ஷர்ட்ல எஸ் யாரு வாங்குவா? பாதி இன்னும் எங்க வீட்டு கட்டிலுக்கு அடியிலதான் தூங்குது, சித்தி பையன்ல இருந்து பக்கத்து வீட்டு பாப்பா வரைக்கும் எல்லாருக்கும் பொறந்தநாள் கிஃப்ட் அதான். பீசுக்கு இருபது முப்பது ரூபா மிச்சம்னு கணக்குப் போட்டு எறங்குனது, விக்காம நின்ன பீசு அந்த மிச்சத்த முழுங்கிருச்சு.

ஆனா ஒன்னு சொல்லணும், அந்த முந்நூறுல வித்த பீசுக்கு வந்த ரிவ்யூ மாதிரி வேற எதுக்கும் வந்ததில்ல. துணி நாம சொன்ன துணி, கழுத்து ரிப் நாம சொன்ன அகலம். ரெடி ஸ்டாக்ல அந்த திருப்தி வராது. அதனால வேண்டாம்னு சொல்லல, எப்போன்னுதான் பாக்கணும். ஒரே கலர், ஒரே ஃபிட் நாலு மாசத்துல முந்நூறு வித்திருக்குன்னு உங்க பழைய பில்லே சொல்லுச்சுன்னா இறங்குங்க, ரேஷியோவையும் அந்த பில்ல பாத்தே சொல்லுங்க. சாயம் போடாம இதுக்குள்ள நுழைய குறுக்கு வழியும் ஒன்னு இருக்கு, சாயம் போட்ட துணிய ரோலாவே விக்கறவங்ககிட்ட கருப்போ வெள்ளையோ ரெண்டு ரோல் எடுத்து கட்டிங் தையலுக்கு மட்டும் குடுக்கறது. துணி நம்ம சொல்படி இருக்காது, ஃபிட் நம்மளோடது. நூறு பீஸ்ல முடிஞ்சுரும். நாங்க இத முதல்ல பண்ணியிருக்கணும். அப்புறம் தீபாவளிக்கு முன்னாடி ஜாப் ஒர்க் குடுக்காதீங்க, போனஸ் வாங்கிட்டு டெய்லருங்க ஊருக்குப் போனா திரும்பி வர்ற வரைக்கும் உங்க துணி வெட்டுன நிலையிலயே கெடக்கும்.

நாலாவது பிரின்ட் ஆன் டிமாண்ட். டிசைன ஏத்திட்டா போதும், ஆர்டர் வந்தா அவங்களே பிரின்ட் அடிச்சு அவங்களே அனுப்புவாங்க, ஸ்டாக்கே வேண்டாம். கேக்க சொர்க்கம். ஆனா ஒரு பீசுக்கு பிரின்ட், ஷிப்பிங் எல்லாம் போக கையில நிக்கறது கொஞ்சம், அதுல கேஷ் ஆன் டெலிவரில ஒருத்தர் வாங்காம திருப்பி அனுப்புனா ரெண்டு பக்க கூரியரும் நம்ம தலையில. எந்தத் துணில அடிக்கறாங்கங்கறது நம்ம கையில இல்ல, நாளைக்கு அவங்க சப்ளையர மாத்துனா நம்ம பிராண்டோட டி-ஷர்ட்டும் மாறிடும். பத்து டிசைன்ல எது ஓடும்னு தெரிஞ்சுக்க மட்டும் ஒரு மாசம் யூஸ் பண்ணுங்க.

யூடியூப் பாத்துட்டு கில்டன் 5000, பெல்லா கேன்வாஸ் 3001-னு கேக்கறவங்களும் இருக்காங்க. ரெண்டும் அமெரிக்கால பேர் போன பிளாங்க்ஸ் (பிரின்ட் போடறதுக்கான ப்ளெயின் டி-ஷர்ட்), 5000 கனமான 180 ஜிஎஸ்எம் வகை, 3001 கோம்டு நூல்ல 145 பக்கம் வர்ற மெல்லிசு வகை. நல்ல பீஸ்தான், ஆனா அத டியூட்டி கட்டி இங்க கொண்டு வந்து விக்கற விலைக்கு திருப்பூர்ல ரெண்டு பீஸ் எடுக்கலாம். அந்த 3001-ல ஒன்னு வாங்கி சாம்பிளா வச்சு இதே ஃபிட் வேணும்னு மாஸ்டர்கிட்ட காட்டறதுக்கு வேணா உபயோகம்.

பிரின்ட்டப் பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா துணி முடிவு அதோட ஒட்டுனது. சப்ளிமேஷன் (சூட்டுல சாயத்த ஆவியாக்கி துணில ஏத்தறது) பாலியஸ்டர்ல மட்டும்தான் புடிக்கும், காட்டன்ல வேலைக்காகாது. ஒரே டிசைன் அம்பதுக்கு மேலன்னா ஸ்கிரீன் பிரின்ட், நாலஞ்சு பீஸ்னா டிடிஎஃப் (ஃபிலிம்ல அடிச்சு சூடு வச்சு துணில ஒட்டறது). பாலியஸ்டர் கலந்த சிவப்பு டி-ஷர்ட்ல வெள்ளை டிசைன் ஹீட் பிரஸ் பண்ணா சூட்டுல துணியோட சாயம் மேல ஏறி வெள்ளை ரோஸ் ஆயிரும். பிளாங்க் எதுவா இருந்தாலும் பிரின்ட் போட்டு அதையும் அஞ்சு தடவை துவைங்க.

இப்ப அந்த தம்பியோட நாப்பதாயிரத்துக்கு வர்றேன். அவன்கிட்ட சொன்னது இதான். பத்து டிசைன மூணாக்கு. கருப்பும் ஆஃப் வொயிட்டும் மட்டும் போதும். நாலு ரெடி ஸ்டாக் சப்ளையர்கிட்ட காசு குடுத்தே ரெண்டு ரெண்டு சாம்பிள் வாங்கு, ஓசி சாம்பிள்னா பொறுக்கி எடுத்து அனுப்புவாங்க. வெட்டு, எடை போடு, துவை. ஜெயிச்சவர்கிட்ட நூறு பீஸ், எம்மும் எல்லும் ஜாஸ்தி, கழுத்துல லேபிள் இல்லாத பீஸா கேளு, நம்ம லேபிள ஹீட் பிரஸ்ல ஒட்டிக்கலாம். துணிக்கு பதினேழாயிரம், பிரின்ட்டுக்கு ஏழு எட்டு, சாம்பிள் பேக்கிங் கூரியர்னு ஒரு அஞ்சு. மிச்சம் பத்தாயிரத்த தொடாத, அது ரெண்டாவது ஆர்டருக்கு. "சொந்தமா தைச்சாதான்ணே பிராண்டு"ன்னு இழுத்தான். கட்டிலுக்கு அடியில குனிஞ்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புனேன், அப்புறம் பேசல.

நேத்து அவனோட எட்டு சாம்பிளும் வந்துருச்சாம், அதுல ரெண்டு எங்க இப்போதைய சப்ளையரோடதுதான். மாடியில கொடியில காயுது, மூணாவது துவைப்பு. எங்க ஆளு பாஸ் ஆகறாரான்னு எனக்கே கொஞ்சம் பதட்டமாதான் இருக்கு.